பாம்புள்ள காட்டுக்குப் போகிறவர்கள் கேட்டவை

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊர்வனக் கணக்கெடுப்புக்காக நடப்பவள் நான். மலையேற்றத்துக்குப் பலர் கிளம்பும் நேரம் என்பதால் பாம்பு பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, முதல்முறையாக டிரெக்கிங் போகிறேன். பாதையில் பாம்பு கிடந்தால் என்ன செய்வது? தரையை ஓங்கி மிதித்தால் ஓடிவிடும் என்கிறார்களே? (கல்லூரி மாணவி, கோவை)

நில்லுங்கள். பின்னால் வருகிறவரையும் கையை நீட்டி நிறுத்துங்கள். ஆறேழு அடி பின்வாங்கி அதற்கு வழி விடுங்கள். போகட்டும், நேரமானாலும் பரவாயில்லை.

மிதிப்பது எல்லாப் பாம்புக்கும் உதவாது. சாரையும் நல்ல பாம்பும் தரை அதிர்வை உணர்ந்து பெரும்பாலும் விலகிவிடும். விரியன்களுக்குச் சருகோடு சருகாகக் கிடப்பதுதான் பாதுகாப்பு. ஆள் பக்கத்தில் வந்தாலும் அசையாது. கண்ணாடி விரியன் உரக்கச் சீறும். சுருட்டை விரியன் உடலைச் சுருட்டி, செதில்களை உரசிக் கரகரவென்று ஓசை எழுப்பும். மலபார் குழிவிரியன் ஒரு சத்தமும் போடாமல் பாதையோரக் கிளையிலோ பாறையிலோ நெடுநேரம் ஒரே இடத்தில் இருக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று நிறமும் ஆளுக்கு ஆள் மாறும்.

அதனால் காலை எங்கே வைக்கிறோம், கையை எங்கே விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன்மேல் ஏறி நின்று, மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாறை இடுக்கில் பார்க்காமல் கைவிடாதீர்கள். விறகு பொறுக்கும் வேலையை இருட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கணுக்காலை மூடும் ஷூ, கையில் டார்ச். இரவில் சிறுநீர் கழிக்கப் போகும்போதும் டார்ச் இல்லாமல் நகராதீர்கள். கூச்சத்தால் வெகுதூரம் தள்ளிப் போகவும் வேண்டாம்.

முக்கோணத் தலை என்றால் விஷம் என்று படித்தேன். சரியா அக்கா? (தேனி)

அதை மறந்துவிடுங்கள் தம்பி. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமாக இருக்காது. இன்னொரு பக்கம், கண்ணாடி விரியனை மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. காட்டில் உங்களுக்கு அடையாளம் தேவையே இல்லை. எதுவானாலும் ஆறடி தள்ளி நில்லுங்கள். மருத்துவருக்கும் பாம்பின் உடல் தேவையில்லை. அறிகுறிகளை வைத்தும், ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்தும் முடிவு செய்வார்கள். தூரத்திலிருந்து போன் படம் கிடைத்தால் நல்லது. கடித்த பாம்பைத் துரத்தப் போய் இன்னொருவரும் கடிபட வேண்டாம்.

கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வது? கயிறு கட்டலாமா? (பலர்)

கட்டாதீர்கள். கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கும். இறுகக் கட்டினால் ரத்த ஓட்டமும் நின்று அந்தக் காலையே இழக்க நேரிடலாம். கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக உடலுக்குள் பாயும் ஆபத்தும் இருக்கிறது. கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது.

கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள். மோதிரம், கொலுசு, வளையல், கடிகாரம், ஷூ எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு முடியாது. எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சியும் துணியும் வைத்து, இறுக்காமல் அந்தக் கை அல்லது காலை அசையாமல் வையுங்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.

அவரை நடக்க விடாதீர்கள். இரண்டு கம்பு, ஒரு போர்வை இருந்தால் டோலி. வண்டிப் பாதை வந்ததும் பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்தாவது கிளம்புங்கள். 108 சாலைக்குத்தான் வரும், மலைக்கு மேலே பல இடங்களில் சிக்னலே கிடைக்காது. எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கின்றன, அங்கே போக எவ்வளவு நேரம், இரவில் வண்டி தருபவர் யார் என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு வகைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு தாள் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மலையில் கூடாரம் போடப்போகிறோம். சுற்றிப் பூண்டும் உப்பும் போட்டால் பாம்பு வராதா? (ஓசூர்)

வரும். கூடாரத்தின் ஜிப்பை மூடி வையுங்கள், மிச்சச் சாப்பாட்டை வெளியே போடாதீர்கள். எலி வந்தால் பின்னால் பாம்பும் வரும்.

வெட்டவெளியில் பாய் விரித்துப் படுத்தால் கட்டுவிரியன் பக்கத்தில் வந்து படுக்கும் என்பது உண்மையா அம்மா? (அந்தியூர்)

இரவில் இரை தேடி வரும் பாம்பு அது. தூங்குகிறவர் புரளும்போது கடித்துவிடுகிறது. பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது, கடிவாயே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார். இமை தானாக மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. ‘ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள். என்னைப் பதற வைப்பது இதுதான்.

தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை சொருகினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் கட்டுவிரியன் என்றே நினைத்துக் கிளம்புங்கள். மூச்சுத் தசைகள் செயலிழப்பதால்தான் உயிர் போகிறது. வென்டிலேட்டரில் வைத்துவிட்டால் அசைவே இல்லாமல் கிடந்தவரும் சில நாள்களில் எழுந்துவிடுவார். அசையாமல் கிடக்கும்போதும் அவருக்குக் காது கேட்கலாம். பக்கத்தில் நின்று அழாதீர்கள், தைரியம் சொல்லுங்கள். படுப்பதற்குக் கட்டிலோ, விளிம்பைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையோ போதும்.

எங்கள் தாத்தா பச்சிலை கொடுத்து நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறார். அதையெல்லாம் பொய் என்பீர்களா? (கல்வராயன் மலை)

உங்கள் தாத்தா நல்ல மனதோடு செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர்கள் பச்சிலை இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேராதவர்கள். பச்சிலை, விஷக்கல், மந்திரம் என்று போகிற ஒவ்வொரு மணி நேரமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

விஷமுறிவு மருந்தை முதலுதவிப் பையில் எடுத்துப்போகலாமா? (சென்னை)

வேண்டாம். அதை ரத்தக்குழாய் வழியாக, தொடக்கத்திலேயே பத்துக் குப்பி அளவில் ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியும் மருத்துவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.

அந்த மருந்துக்கான விஷத்தைப் பெருமளவில் எடுத்துத் தந்தவர்கள் நம் இருளர் மக்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்குமா? இங்கே ரப்பர் தோட்டத்தில் சருகு நிறச் சின்ன விரியன்தான் அதிகம். (இரத்தினபுரி, இலங்கை)

கேட்காது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிப்பது அது. இலங்கைக்கும் இந்தியாவிலிருந்துதான் போகிறது. நீங்கள் சொல்வது மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியனாக இருக்கும். எங்கள் பக்கத்து மலைத் தோட்டங்களிலும் உண்டு. அதன் கடியைச் சாதாரணம் என்று விடுகிறார்கள், ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. மருந்து இல்லை என்பதற்காக வீட்டில் இருக்காதீர்கள் அண்ணா. சிறுநீர் குறைகிறதா, ரத்தம் உறைகிறதா என்று மருத்துவமனையில் கவனித்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து காப்பாற்றுவார்கள். மலபார், மூங்கில் குழிவிரியன்களுக்கும் இதே பதில்தான்.

ஆறு வயது மகளையும் அழைத்துப் போகிறோம். குழந்தைக்கு மருந்தின் அளவைக் குறைப்பார்களா? (திருநெல்வேலி)

குறைக்கமாட்டார்கள். பாம்பு குழந்தைக்கென்று குறைவாக விஷம் செலுத்துவதில்லை. பெரியவருக்கு ஏற்றும் அளவுதான் அவளுக்கும். சின்ன உடம்பில் விஷம் வேகமாக வேலை செய்யும் என்பதால், அவளை வரிசையில் முதலாவதாகவோ கடைசியாகவோ விடாமல் உங்கள் இருவருக்கும் நடுவில் நடக்க வையுங்கள்.