குட்டி நீச்சல் தொட்டி வாங்கலாமா? வெயில் காலத்துக் கேள்விகள்

கேள்வி: என் பையனுக்கு இருபது மாதம். காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிடுகிறது, வெளியே கூட்டிப்போக முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் அவனும் அழுகிறான், எனக்கும் அழுகை வருகிறது. காற்றடித்து நிரப்பும் குட்டி நீச்சல் தொட்டி ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். எந்த அளவு வாங்குவது? கூடவே கையில் மாட்டும் மிதவையும் வாங்கிவிட்டால் கொஞ்சம் நிம்மதியாக உட்காரலாமா?

பதில்: தொட்டியை வாங்குங்கள். இந்த வயதுக் குழந்தையோடு ஒரு கோடையைக் கடத்த அதைவிட உதவியான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கடையில் இருப்பதிலேயே சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். "இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பெரிதாகவே கிடைக்கிறதே, அடுத்த வருடமும் ஆகும்" என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பெரிய தொட்டியில் என்ன சிக்கல் என்றால், அவ்வளவு தண்ணீரைத் தினமும் கொட்ட மனசு வராது, நாளைக்கும் விளையாடட்டும் என்று ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்துவிடுவோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம், முன்னால் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது, வாயும் மூக்கும் மூழ்க 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். கத்தவும் மாட்டார்கள், கையைக் காலை அடித்துச் சத்தம் எழுப்பவும் மாட்டார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் மரணக் காரணங்களில் நீரில் மூழ்குவது உலக அளவில் நான்காவது இடத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. குளம், ஆறு மட்டும் இல்லை, பாதி நிரம்பிய வாளியும் இந்தக் கணக்கில் வரும்.

அதனால் தொட்டி வாங்கும்போது நான் பார்க்கும் முதல் விஷயம், ஒரே ஆளாக, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே அதைக் கவிழ்த்துக் கொட்ட முடியுமா என்பது. விளையாட்டு முடிந்த அந்த நிமிடமே கொட்டிவிட்டுத் தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும். அடுத்து, அடிப்பகுதியில் வழுக்காத சொரசொரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் நெடி அடித்தால் ஓரிரு நாள் வெளியே காற்றாட விடுங்கள். தாலேட் என்ற பிளாஸ்டிக் மென்மையாக்கிகள் சிலவற்றுக்குக் குழந்தைப் பொருட்களில் 0.1 சதவீதம்தான் உச்சவரம்பு என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டமே இருக்கிறது, பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருந்தால் நல்லது. அப்புறம், வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சுடும். கொஞ்ச நேரம் தரையில் ஓடவிட்டு, உங்கள் கையில் பட்டுப் பார்த்த பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள்.

கை மிதவை வேண்டாம். அதன் உறையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், இது உயிர்காக்கும் சாதனம் அல்ல என்று பெரும்பாலும் தயாரிப்பாளரே அங்கே எழுதியிருப்பார். ஐரோப்பிய தர அளவான இஎன் 13138 அதை நீந்தப் பழகுவதற்கான துணைப்பொருள் என்றுதான் வகைப்படுத்துகிறது. மிதவை கையிலிருந்து நழுவலாம், காற்று இறங்கலாம். முழங்கால் உயரத் தொட்டிக்கு அது தேவையும் இல்லை. நீங்கள் உட்காரலாம், தாராளமாக உட்காருங்கள், ஆனால் கை நீட்டினால் குழந்தை எட்டும் தூரத்தில், போன் இல்லாமல். அந்தப் பணத்தில் ஒரு நீச்சல் உடை வாங்குங்கள். அதிலும் வெளிர் நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது ரோஸ் நிறமாகப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கு என்று தனியாக விற்கும் எஸ்பிஎஃப் 100 சன்ஸ்க்ரீன், சாதாரண எஸ்பிஎஃப் 30-ஐப் போலப் பல மடங்கு விலை. வாங்கத்தான் வேண்டுமா? போன வருடப் பாட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. மகளுக்கு இரண்டு வயது, பூச விடாமல் ஓடுகிறாள்.

பதில்: வேண்டாம். எஸ்பிஎஃப் என்பது வெயில் தடுப்பைக் குறிக்கும் எண். எஸ்பிஎஃப் 30, தோலைச் சிவக்க வைக்கும் புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98, 100 என்றால் 99. எண் மூன்று மடங்கு ஆனாலும் பாதுகாப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதோடு, ஆய்வகத்தில் பூசுகிற அளவில் கால்வாசியோ பாதியோதான் நாம் வீட்டில் பூசுகிறோம். ஆகவே விலை குறைந்ததை வாங்கி, தாராளமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரில் ஆடி வந்த பிறகும் மறுபடி பூசுவதுதான் புத்திசாலித்தனம். "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்று, அதாவது புறஊதா ஏ, பி இரண்டையும் தடுக்கும் என்று இருக்க வேண்டும், ஜிங்க் ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு சேர்ந்தது சின்னக் குழந்தையின் தோலை அவ்வளவாக உறுத்தாது. ஸ்ப்ரே வேண்டாம், மூச்சில் போகும். கொசு விரட்டியும் சன்ஸ்க்ரீனும் ஒன்றாகக் கலந்து வருவதையும் தவிர்த்துவிடுங்கள். சன்ஸ்க்ரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு மருந்தை அப்படிப் பூசக் கூடாது, இரண்டையும் ஒரே டியூபில் போட்டால் ஏதாவது ஒன்று தப்பாகப் போகும்.

பழைய பாட்டிலில் மூடி திறந்த டப்பா போல ஒரு சின்னப் படமும் உள்ளே 12எம் என்பது போல ஓர் எழுத்தும் இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான் அதன் ஆயுள். காருக்குள் கிடந்து சூடானதாக இருந்தால் அந்தக் கணக்கைக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஓடுகிற பிள்ளைக்கு என் யோசனை, பூசும் பரப்பையே குறைப்பது. யூபிஎஃப் (துணிக்கான வெயில் தடுப்பு எண்) 50 என்று போட்ட முழுக்கைச் சட்டை கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அதையும் கழுத்தை மூடும் தொப்பியையும் மாட்டிவிட்டால் முகம், புறங்கை, கால் மட்டும்தான் பாக்கி. அதற்கே ஒரு துரத்தல் உண்டு, என்ன செய்வது.

கேள்வி: ஸ்ட்ரோலரில் மாட்டும் குட்டி மின்விசிறி வாங்கினேன். ஒரே வாரத்தில் பேட்டரி மூடி தானாகக் கழன்று விழுந்துவிட்டது. விற்றவர் "டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். விடுவதா, சண்டை போடுவதா?

பதில்: விடாதீர்கள். டேப்பும் ஒட்டாதீர்கள், இன்றைக்கே அதை எடுத்துக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளே நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் சதையை அரிக்கத் தொடங்கிவிடும், வெளியே பார்த்தால் வெறும் சளி, எச்சில் வடிதல் மாதிரிதான் இருக்கும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே கேட்க வேண்டும். எந்தப் பொருளானாலும் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் மட்டுமே இந்த வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வரலாம்.

விற்றவரிடம் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். உடைந்த மூடியின் படம், பெட்டியில் உள்ள மாடல் எண், தயாரிப்புத் தொகுதி எண், பில், நான்கையும் இணைத்து "இது பாதுகாப்புக் குறைபாடு, முழுப் பணமும் திரும்ப வேண்டும்" என்று எழுதுங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது வேறு, குறைபாடு என்று தருவது வேறு, விற்பவர்கள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்பில் ஒரு புகார் பதிவு செய்துவிடுங்கள், அதே விசிறி இன்னொரு வீட்டில் ஒரு தொட்டில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பல நாடுகளில் குறைபாட்டால் திரும்பப் பெறப்பட்ட பொருட்களை, பல நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2012 முதல் ஒரே தளத்தில் திரட்டித் தருகிறது, வாங்கும் முன் அங்கே பெயரைத் தேடுவது இரண்டு நிமிட வேலை.

வெயிலுக்கு ஸ்ட்ரோலர் மேல் துணி போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த துணி காற்றை அடைத்து உள்ளே சூட்டை ஏற்றிவிடும். சிட்னி பல்கலைக்கழகத்தில் 2023-இல் அளந்து பார்த்தார்கள், உலர்ந்த மெல்லிய துணி போட்டபோது உள்ளே இரண்டரை டிகிரிக்கு மேல் கூடியது, அதே துணியை நனைத்துப் போட்டுச் சின்ன விசிறியும் வைத்தபோது ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தது. ஆனால் துணி காய்வதற்குள் மறுபடி நனைக்க வேண்டும். வெளியே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி சூட்டைத்தான் மேலே வீசும், அப்போது வீட்டிலேயே இருங்கள்.

கேள்வி: தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும் வண்ண ஜெல்லி மணிகள், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நல்ல பொழுதுபோக்கு என்கிறார்கள். சரியா?

பதில்: வாங்கவே வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் போயும் ஊறிப் பெருகும், அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. மூத்த பிள்ளைக்காக வாங்கினாலும் ஒன்றிரண்டு சோபாவுக்கடியில் உருண்டு காய்ந்து கிடக்கும், தவழ்கிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஒரு கிண்ணமும் கரண்டியும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடும்.

கேள்வி: காரில் குழந்தை இருப்பதை நினைவூட்டும் சென்சார் விற்கிறார்கள். நாங்கள் மறக்கிறவர்கள் இல்லை. தேவையா?

பதில்: மறக்கிறவர்கள் இல்லை என்று எல்லோருமே நினைக்கிறோம். தூக்கமில்லாத வாரத்தில், வழக்கமாகக் குழந்தையைக் கொண்டுபோய் விடுகிறவர் மாறிய ஒரு காலையில், மூளை பழைய பாதையிலேயே ஓடிவிடும், அன்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை, குழந்தையின் உடம்பு நம்முடையதைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். சென்சார் வாங்கினால் தப்பில்லை, ஆனால் அதன் பேட்டரி தீர்ந்தால் அது சொல்லாது. அதனால் உங்கள் கைப்பையையோ இடது செருப்பையோ குழந்தை இருக்கை பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். வெயிலில் நின்ற காரில் ஏற்றும்போது முதலில் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஆறிய பிறகு உட்கார வையுங்கள்.