கடித்ததற்காக டி.சி. வாங்கச் சொல்கிறார்களா?

ஆட்டிசம் உள்ள உங்கள் மகன் சக மாணவனைக் கடித்ததால் தண்டையார்பேட்டைப் பள்ளி டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். கடித்தான் என்பதற்காகப் பள்ளி அவனை வெளியேற்ற முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16 எட்டாம் வகுப்பு முடியும்வரை அதைத் தடுக்கிறது.

எல்லாச் சம்பவமும் மதிய உணவு மணிக்குப் பிறகே என்கிறீர்கள். இரைச்சலும் நெரிசலும் தாங்காமல் இருக்கலாம். ஒரு வாரம் மணியடிப்பதற்கு 5 நிமிடம் முன்பே அவனைச் சாப்பிட அனுப்பச் சொல்லிப் பாருங்கள். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, கடித்த பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது என ஆசிரியர் குறித்து வைக்கட்டும். கடித்ததும் வீட்டுக்கு அனுப்பினால், கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்றே பிள்ளை கற்றுக்கொள்வான்!

கடிபட்ட குழந்தையின் பெற்றோரையும் நேரில் பாருங்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

சிறுபான்மைப் பள்ளியென்றால் 2009 சட்டம் பொருந்தாது. அப்போது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐக் காட்டி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.