வயதைச் சொல்லாமல் வைத்தியம் கேட்காதீர்கள்: பூனை வளர்ப்போர் கேள்வி-பதில்

இம்முறை நாற்பதுக்கு மேல் கடிதங்கள். பூனையின் வயது, எடை, கடுவனா பெட்டையா, கருத்தடை ஆகிவிட்டதா என்ற நான்கையும் எழுதியவர் ஒரே ஒருவர். அவருடைய கடிதம் கடைசியில் வருகிறது. மற்றவர்கள் பூனை எவ்வளவு செல்லம் என்பதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கேள்வியை ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பூனை சாப்பிட மறுக்கிறது. என்ன டானிக் கொடுக்கலாம்?

கடிதம் இவ்வளவுதான். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? குட்டியா, கிழமா? வாந்தி உண்டா? மலம் கழிக்கிறதா? ஒன்றும் தெரியாமல் நான் சொல்லும் டானிக் பூனைக்கு உதவாது; மருந்துக் கடைக்காரருக்குத்தான் உதவும்.

பொதுவாகச் சொல்கிறேன். வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டி என்றால் அரை நாள்கூட அதிகம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி, அதுவே உயிருக்கு ஆபத்தான தனி நோயாகிவிடும். நாய் விரதம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். பூனை இருக்கக் கூடாது.

கேள்வி: பால் குடித்த மறுநாள் வயிற்றுப்போக்கு. பால் கெட்டிருக்குமோ?

பால் நன்றாகத்தான் இருந்திருக்கும். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். மறுநாள் அதன் வயிறு என்ன ஆயிற்று என்று எவரும் எழுதவில்லை. தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: தொட்டால் உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரையில் கால் பங்கு கொடுத்தேன். அளவு சரியா?

சரியான அளவு பூஜ்யம். இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை: மனிதர் மாத்திரை பூனைக்கு ஆகாது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரல் பயன்படுத்தும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறு பழுப்பாகிறது, முகமும் பாதங்களும் வீங்குகின்றன, மூச்சு இரைக்கிறது. ஒரே மாத்திரையில் செத்த பூனைகள் உண்டு. மாற்று மருந்தும் உண்டு, ஆனால் அதற்குச் சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது.

இன்னொன்று. பூனையின் இயல்பான வெப்பமே ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். உங்கள் பூனைக்குக் காய்ச்சலே இல்லாமல் இருந்திருக்கலாம்.

கேள்வி: மூன்று நிறப் பூனை. கடுவன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இருக்குமா?

ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒன்று அப்படிப் பிறக்கும். உங்களுடையது பெட்டையாகத்தான் இருக்கும். வாலைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: கடுவன், நான்கு வயது. நேற்றிலிருந்து மணல் தட்டுக்குப் போய்ப் போய்க் குந்துகிறது, முனகுகிறது, ஒன்றும் வருவதில்லை. மலச்சிக்கலுக்கு வீட்டு வைத்தியம் சொல்லவும்.

இது மலச்சிக்கல் அல்ல. பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகத் துகளும் சளியும் சேர்ந்த சின்னக் கட்டி போதும், அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஒரு நாளுக்குள் இரத்தத்தில் நச்சு ஏறத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் உள்ள தேதிக்கும் அது என் மேசைக்கு வந்த நாளுக்கும் இடையில் ஒன்பது நாள். நீங்கள் யாரிடமாவது காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்காக இதை அச்சிடுகிறேன்: கடுவன் குந்தி முக்குகிறது, தட்டு நனையவில்லை என்றால் அன்றைக்கே, இரவானாலும், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: மடியில் ஏறி மாவு பிசைவதுபோல் முன்னங்கால்களால் மாற்றி மாற்றி அழுத்துகிறது. ஏன்?

பால் குடிக்கும் வயதில் தாயின் மடியில் செய்தது. வளர்ந்தும் விடவில்லை. நகத்தை வெட்டிவிட்டு அனுபவியுங்கள்.

கேள்வி: மனைவி மூன்று மாதக் கர்ப்பம். வீட்டில் ஆறு வருடமாக ஒரு பூனை. பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது, உடனே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

வருடத்துக்குப் பத்துப் பேராவது இந்தக் கேள்வியுடன் வருகிறார்கள். பாதிப் பேர் பூனையை விட்டுவிட்ட பிறகு வருகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் முடி. வாய்க்குள் போகும் முடி, குடல் வழியே மலத்தோடு வெளியேறும். கருப்பைக்கும் இரைப்பைக்கும் இடையில் வாசல் கிடையாது. பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் அதைச் சொல்லவில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. 1908இல் கண்டுபிடிக்கப்பட்டது, பூனையின் மலத்தோடு வெளியேறிப் பரவுகிறது என்பது 1970 வாக்கில்தான் தெளிவாயிற்று. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது முதன்முறையாகத் தொற்றினால் கருவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். இதை நான் மறைக்கவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஆனால் அது எப்படி நடக்க வேண்டும் என்று பாருங்கள். பூனை எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று புதிதாகத் தொற்று வாங்கியிருக்க வேண்டும். வாங்கிய பின் ஒன்று முதல் மூன்று வாரம்தான் மலத்தில் முட்டைபோன்ற கூடுகளை வெளியேற்றும்; பிறகு பெரும்பாலும் ஆயுளுக்கும் இல்லை. அந்தக் கூடும் வெளியே வந்தவுடன் தொற்றாது. ஒரு நாளாவது, சில சமயம் ஐந்து நாள், தட்டில் கிடந்து முதிர வேண்டும். பிறகு அது கையில் பட்டு, கை கழுவப்படாமல் வாய்க்குப் போக வேண்டும். தட்டைத் தினமும் சுத்தம் செய்கிற வீட்டில் இந்தச் சங்கிலி மூன்றாவது கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. மடியில் உட்கார்ந்து குறுகுறுக்கும் பூனையைத் தடவுவதால் பரவும் நோய் அல்ல இது.

சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் வெறுங்கையால் கிளறும் தோட்ட மண்ணும் இதே தொற்றைத் தருகின்றன. இறைச்சிப் பாத்திரத்தைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி இதுவரை எவரும் கேட்டதில்லை.

செய்ய வேண்டியது: மணல் தட்டை இனி நீங்கள் அள்ளுங்கள், மனைவி அல்ல. தினமும். கேள்வி கேட்டவர் கணவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்; பெரியவர்கள் பூனையை வெளியேற்றச் சொல்வதற்கும் கணவர்கள் தட்டை அள்ள விரும்பாததற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். வேறு ஆள் இல்லாவிட்டால் மனைவி கையுறை போட்டு அள்ளி, சோப்பால் கை கழுவட்டும். பூனைக்கு வேகவைத்ததையே கொடுங்கள், வேட்டைக்கு விடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு மனைவிக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். முன்பே தொற்று வந்து எதிர்ப்பாற்றல் இருந்தால் கவலை ஏறக்குறைய தீர்ந்தது.

‘எங்காவது விட்டுவிடுவது’ பற்றி ஒன்று. ஆறு வருடம் தட்டில் சோறு கண்ட பூனைக்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அங்கே ஏற்கெனவே ஆளும் கடுவன்கள் அதை இருக்கவும் விடா. சில வாரங்களில் அது பட்டினியிலோ சண்டைக் காயத்திலோ வண்டிச் சக்கரத்திலோ முடியும். விட்டுவிடுகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. எங்கள் கண்ணில் படுகிறது.

கேள்வி: குறுகுறு என்று சத்தம் போடுகிறது. அப்படியென்றால் வலி இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. கால் ஒடிந்த பூனையும் குறுகுறுக்கும். பூனை நோயை மறைக்கும். சத்தத்தை நம்பாமல் தட்டையும் தீனிக் கிண்ணத்தையும் பாருங்கள்.

கேள்வி: நாயும் பூனையும் வளர்க்கிறோம். நாய்த் தீனியையே இரண்டுக்கும் போடலாமா? நாயின் உண்ணிக்குப் போடும் சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, பூனைக்கும் போடலாமா?

முதல் கேள்விக்குக் கூடாது. இரண்டாவதற்குக் கூடவே கூடாது.

டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதுமான அளவு தயாரித்துக்கொள்வதில்லை. உணவிலிருந்து வர வேண்டும். நாய்த் தீனியில் அது போதுமான அளவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாதக்கணக்கில் அதையே தின்றால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். பூனை நாயின் தட்டில் ஒரு வாய் திருடினால் பாதகமில்லை.

சொட்டு மருந்து வேறு விஷயம். நாய்களுக்கானவை சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது நடுக்கமும் வலிப்பும் வரவழைக்கும் விஷம். நாய்க்குப் போட்ட அன்று பூனை அதை நக்காமலும் ஒட்டிப் படுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் மாத்திரை ஆகாது. நாய் மருந்தும் ஆகாது.

கேள்வி: ஊருக்குப் போய்த் திரும்பியதும் என் படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டது. தனியே விட்டதற்குப் பழிவாங்குகிறதா?

பழிவாங்கத் திட்டமிடுவது நம் இனத்தின் திறமை. பூனைக்குத் தட்டு அழுக்காக இருந்திருக்கும், அல்லது நீங்கள் இல்லாத பதற்றத்தில் உங்கள் வாடை உள்ள இடத்தைத் தேடியிருக்கும், அல்லது நீர்ப்பையில் அழற்சி. கடைசியை மருத்துவர் முதலில் பார்த்துவிடட்டும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை தட்டு வையுங்கள். தீனிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அடிக்காதீர்கள், எதற்கு அடி விழுந்தது என்று அதற்குத் தெரியாது, யார் அடித்தது என்பது மட்டும் நினைவிருக்கும்.

கடுவனா என்று எழுதவில்லை. கடுவன் என்றால் மேலே சிறுநீர் அடைப்பு பற்றி உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: கருத்தடைக்கு முன் ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்குமாமே?

தலைகீழ். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது. தள்ளிப்போடப் போட அந்தப் பலன் தேய்கிறது. நான்கு மாதத்திலேயே சில பெட்டைகள் பருவத்துக்கு வந்துவிடும், ஒன்பது வாரத்தில் குட்டி. தாய் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். நான்கைந்து குட்டிகளுக்கும் வீடு பார்த்து வைத்திருக்கிறீர்களா என்று பதிலுக்கு நான் கேட்கிறேன்.

கேள்வி: வாயிலிருந்து நூல் தொங்குகிறது. இழுத்தால் வரவில்லை.

இழுக்காதீர்கள். மறுமுனை நாவின் அடியில் சிக்கியோ குடலுக்குள் போயோ இருக்கும். இழுத்தால் குடலை அறுக்கும். பின்வழியே தொங்கினாலும் இதேதான். உடனே மருத்துவர்.

கேள்வி: பன்னிரண்டு வயது. முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறது, ஆனால் இளைத்துவிட்டது. வயதானால் அப்படித்தானே?

அப்படி அல்ல. நிறையத் தின்று இளைக்கும் கிழப் பூனைக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பதாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். தண்ணீரும் அதிகம் குடித்தால் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும். மருந்து உண்டு, நல்ல வருடங்கள் கிடைக்கும். மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். நான்கு கிலோப் பூனை அரைக் கிலோ இழப்பது அறுபது கிலோ ஆள் ஏழெட்டுக் கிலோ இழப்பதற்குச் சமம்.

கேள்வி: தோட்டத்தில் குப்பைமேனியைப் பிடுங்கினேன். பூனை வேரில் முகத்தைத் தேய்த்துப் புரண்டது. பைத்தியம் பிடித்துவிட்டதா?

அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. நம் முன்னோர் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். முகரட்டும், தின்னக் கொடுக்காதீர்கள். பூங்கொத்து வாங்குகிறவர்கள் மட்டும் கவனம்: லில்லி மலரின் இதழ், இலை, மகரந்தம், அது நின்ற தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனை உள்ள வீட்டுக்கு அந்தப் பூ வரவே வேண்டாம்.

கேள்வி: பெண் குட்டி, ஒன்பது வாரம், எண்ணூற்றைம்பது கிராம், கருத்தடை இன்னும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. ஒரு பெயர் சொல்லுங்கள்.

எல்லா விவரமும் எழுதியவர் இவர்தான். இவருக்கு நோய் பற்றிக் கேள்வியே இல்லை.

சின்னப் பெயராக வையுங்கள். பூனை தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். அறிகிறது என்றுதான் காட்டினார்கள். கூப்பிட்டால் வரும் என்று அல்ல. முதல் தடுப்பூசி போடாமல் இருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. பெயரை முடிவு செய்துகொண்டு போனால் அட்டையில் எழுத வசதியாக இருக்கும்.