சுற்றுச்சூழல் அழிப்பை மாநில சட்டத்துல குற்றமாக்கணும்னா வரைவுல எதை கவனிக்கணும்?

வாசகர் கேள்வி: பெரிய அளவுல நடக்குற சுற்றுச்சூழல் அழிவை கிரிமினல் குற்றமா ஆக்கச் சொல்லி எங்க மாநில சட்டமன்றத்துக்கு ஒரு வரைவு தயார் பண்றோம். அழிக்கணும்ங்கற நோக்கத்தோட செஞ்சா 20 வருஷம் ஜெயில்னு போட்டிருக்கோம். இது போதுமா, சின்ன விவசாயி எல்லாம் மாட்டிக்குவாங்களா, ஏற்கனவே நடந்து முடிஞ்ச அழிவுக்கும் பொருந்துமா?

பதில்: 20 வருஷமா 10 வருஷமாங்கறத கடைசியா பாத்துக்கலாங்க, உங்க வரைவுல என்னை பயமுறுத்துறது அந்த "நோக்கத்தோட"ங்கற வார்த்தைதான். ஆத்தை சாகடிக்கணும்னு எவனும் கழிவை விடுறதில்ல, சுத்திகரிப்பு செலவு மிச்சமாகும்னுதான் விடுறான், அப்போ நோக்கத்தை நிரூபிக்கணும்னு எழுதி வச்சா பெரிய கம்பெனி வக்கீல் முதல் நாளே கேஸை உடைச்சிடுவாரு. 2021 ஜூன்ல பிலிப் சாண்ட்ஸ், டியோர் ஃபால் சோங்கற ரெண்டு சட்ட வல்லுநர்கள் தலைமையில ஒரு சர்வதேச நிபுணர் குழு ஈக்கோசைட்டுக்கு, அதாவது நீங்க சொல்ற இந்த பெரிய அளவு சுற்றுச்சூழல் அழிப்புக்கு, ஒரு வரையறை குடுத்தாங்க. அதுல நோக்கம் கேக்கல. சட்டவிரோதமாவோ பொறுப்பே இல்லாமலோ ஒரு காரியத்தை செய்றப்ப, கடுமையான சேதம் வர்றதுக்கு கணிசமான வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சே செஞ்சா போதும். இப்படி எழுதினா கம்பெனிக்குள்ள சுத்தின எச்சரிக்கை மெயில், தூக்கி ஓரமா வச்ச ஆய்வு ரிப்போர்ட் இதெல்லாமே சாட்சி ஆயிடும்.

அடுத்தது சேதத்தோட அளவு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தோட ரோம் சட்டத்துல போர்க்குற்றம்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல சேதம் பரவலாவும் இருக்கணும், நீண்டகாலத்துக்கும் இருக்கணும், கடுமையாவும் இருக்கணும், மூணும் சேர்ந்து நிரூபிக்கணும், கேக்கவே மூச்சு முட்டுது. 2021 வரையறைல கடுமைங்கறது கட்டாயம், மத்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும், நீங்களும் அப்படியே எழுதுங்க. விவசாயி பயமும் இதுலயே தீந்துடும், அந்த "கடுமையான"ங்கற வாசல்படியை ஒரு வயல்ல அடிச்ச மருந்து தாண்டாது. ஃபிரான்ஸ் 2021ல கொண்டுவந்த சட்டத்துல பாதிப்பு குறைஞ்சது 7 வருஷம் நீடிக்கணும்னு வச்சாங்க, 10 வருஷம் ஜெயில், 45 லட்சம் யூரோ அபராதம்னு பாக்க கம்பீரமாத்தான் இருக்கு, ஆனா அங்கயும் வேணும்னே செஞ்சதுன்னு காட்டணும். என்னைக் கேட்டா காட்சிக்கு வச்ச கத்தி அது.

அப்புறம் "எங்ககிட்ட லைசென்ஸ் இருக்கே சார்"ங்கற பதில், இது கண்டிப்பா வரும். இதுக்கு 2024ல வந்த ஐரோப்பிய யூனியன் சுற்றுச்சூழல் குற்ற உத்தரவுல நல்ல வழி இருக்கு: ஏமாத்தியோ லஞ்சம் குடுத்தோ மிரட்டியோ வாங்கின அனுமதியும், சட்டத்துக்கு அப்பட்டமா முரணான அனுமதியும் கேடயமா நிக்காது. ஒழுங்கா அனுமதி வாங்கி அதுக்குள்ளயே நடந்துகிட்டவங்களை இழுக்கவும் கூடாது, அது நியாயமும் இல்ல கோர்ட்ல நிக்கவும் நிக்காது. கம்பெனியை ஜெயில்ல போட முடியாதுங்கறதால முடிவெடுத்த அதிகாரி மேல தனியா பொறுப்பு வைங்க, கம்பெனிக்கு அபராதத்தை நிலையான தொகையா வைக்காம மொத்த விற்றுமுதல்ல சதவீதமா வைங்க (அந்த உத்தரவுல மோசமான குற்றங்களுக்கு உச்ச அபராதம் உலகளாவிய விற்றுமுதல்ல 5 சதவீதத்துக்கு குறையக்கூடாது, இல்லன்னா 4 கோடி யூரோன்னு வைக்கலாம்). நிலையான தொகைன்னா அதையும் தொழில் செலவுல ஒண்ணா எழுதிட்டு போயிட்டே இருப்பாங்க.

மாநில சட்டம்ங்கறதால ஒரு முக்கியமான விஷயம், எந்த அதிகாரம் உங்க சட்டமன்றத்துக்கு இருக்குன்னு முதல்ல ஒரு அரசியலமைப்பு வக்கீலை கேட்டுடுங்க. பெல்ஜியம் 2024 பிப்ரவரில ஈக்கோசைட்டை தன் குற்றவியல் சட்டத்துல சேர்த்துச்சு, 20 வருஷம் வரை ஜெயில், ஆனா அங்க சுற்றுச்சூழல் அதிகாரம் பெரும்பாலும் பிராந்திய அரசுகள்கிட்ட இருக்கறதால அந்த சட்டம் வட கடல், அணுக்கழிவு மாதிரி மத்திய அரசு கைல இருக்குற விஷயங்களோட நின்னு போச்சு. உங்களுக்கு இதுவே தலைகீழா வரலாம், மாநில எல்லை தாண்டி ஓடுற ஆறு, மத்திய அரசு அனுமதி குடுத்த சுரங்கம் எல்லாம் கைக்கு எட்டாம போகலாம்.

ஆதாரத்துக்கும் ஒரு பிரிவு வேணும். அழியறதுக்கு முன்னாடி மண்ணும் தண்ணியும் எப்படி இருந்துச்சுன்னு பதிவு இல்லன்னா சேதம் எவ்வளவுன்னு சொல்லவே முடியாது, அதனால பெரிய திட்டங்களுக்கு ஆரம்பத்துலயே அளவெடுத்து பொதுவுல வைக்கணும்னு எழுதுங்க. நிலத்தடி நீர் கெட்டது பல வருஷம் கழிச்சுதான் வெளில தெரியும், வழக்கு போடுற காலக்கெடுவை குற்றம் நடந்த நாள்ல இருந்து எண்ணாம தெரியவந்த நாள்ல இருந்து எண்ணச் சொல்லுங்க.

கடைசி கேள்விக்கு, முடிஞ்சுபோனதுக்கு பொருந்தாதுங்க. செஞ்சப்ப குற்றமா இல்லாததுக்கு பின்னாடி வந்த சட்டத்தால தண்டிக்க முடியாது. அதுக்கு இழப்பீட்டு வழக்குதான் வழி. ஆனா பழைய கிடங்குல இருந்து இன்னும் கசிவு ஓடிட்டிருந்தா, சுத்தம் பண்ணச் சொன்ன உத்தரவை மதிக்காம விடுறதே தனி குற்றம்னு வரைவுல சேர்த்துடுங்க. சட்டம் அமலுக்கு வந்தப்புறம் அந்த உத்தரவை யாரு மீறினாலும் புடிக்கலாம், கழிவை கொட்டினது எந்த காலத்துலயா இருந்தாலும் சரி.