கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு இமிப்ரமின் உதவுமா?

இமிப்ரமின் போன்ற ட்ரைசைக்ளிக் மனச்சோர்வு மருந்துகள் கார்பன் மோனாக்சைடு நஞ்சை முறிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், முறிக்காது. அந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். ஆகவே சிகிச்சை ஆக்சிஜன்தான்.

ஆய்வாளர்களின் ஆர்வம் வேறிடத்தில் இருக்கிறது. உயிர் பிழைத்தவர்களில் சிலருக்கு, முழுவதும் தேறிவிட்டதாகக் குடும்பத்தார் நம்பிய பிறகு, சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதியும் மனச்சோர்வும் நடைத் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு. ஆக்சிஜன் குறைந்த மூளையில் அளவுக்கு மீறி வெளிப்படும் குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருள், அதை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகள் என்ற புரதங்களின் வழியாக நரம்பணுக்களைச் சிதைப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது; இமிப்ரமினும் அதே வகை மருந்தான டெசிப்ரமினும் ஆய்வகச் சோதனைகளில் அவ்வேற்பிகளைத் தடுத்திருப்பதால் உங்கள் கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கிருந்து நேராக நோயாளிக்குத் தாவுவது ஆபத்தானது என்பது என் கருத்து. இம்மருந்துகள், நினைவாற்றலுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் செயலைத் தடுத்து நினைவாற்றலை மேலும் மங்கச் செய்யலாம். இதயத்தில் மின்தூண்டலைக் கடத்த உதவும் சோடியம் வாயில்களையும் அவை அடைப்பதால், நச்சு வாயுவால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட இதயத்தில் துடிப்பு சீர்குலையக்கூடும்.