பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் அதற்கு மேல் கை வராது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் நிறைய வீடுகளில் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு ஏழு மாதம் ஆகிறது, நடை ஓரளவு வந்துவிட்டது, வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது, "இனிமேல் பிசியோவுக்குக் கொடுப்பதெல்லாம் வீண் செலவு" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் அப்பாவுக்கு 2019இல் இதே வலது பக்கம் விழுந்தது. அதற்கு அப்புறம் கையில் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். புரியாத இடங்களில், மருத்துவம் படித்த சித்தப்பா மகளைத் தொந்தரவு செய்தேன். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வி அதைப் பற்றியது இல்லைதான், ஆனால் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் முடிவாகிறது.

அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் மளிகைக் கடை. காலையில் கடை திறந்து ஒரு பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார், நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி நழுவியது. வாங்க வந்த அக்கா சிரித்திருக்கிறார். மூன்றாம் தடவை அப்பா நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மணி ஆறே கால்.

அம்மா பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுத்தார். பாதி கடைவாயில் வழிந்தது. விழுங்கும் தசை வேலை செய்யாத நேரத்தில் எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டுத் தாத்தா புறா பிடித்துவர ஆள் அனுப்பினார், சூடான புறா ரத்தத்தைத் தேய்த்தால் வாதம் இறங்குமாம். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கலாமா என்றார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிரஷர் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, ஒரு பாட்டில் குளுக்கோஸ், "ஒரு மணி நேரம் பார்க்கலாம்." அடைப்பு வந்த மூளை ரத்தத்துக்குத் தவிக்கும் நேரத்தில் பிரஷரைத் திடீரென்று இறக்குவது இருக்கிற ஓட்டத்தையும் குறைக்கும் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

தஞ்சாவூரில் ஸ்கேன் மேசையில் அப்பா படுத்தபோது பதினொன்றரை. அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக இவர் நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?" நான் ஆறே கால் என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. 1995இல் அமெரிக்காவில் 624 பேரை வைத்து நடந்த ஆய்வுதான் இதற்கு அடித்தளம்: மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்கள், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 30 விழுக்காடு கூடுதல். அதே ஆய்வில் மூளைக்குள் ரத்தம் கசிந்தது ஊசி போட்டவர்களில் 6.4 விழுக்காட்டினருக்கு, போடாதவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கு. அதனால்தான் ஸ்கேன் இல்லாமல் யாரும் ஊசியைத் தொடுவதில்லை. வந்திருப்பது அடைப்பா, குழாய் வெடித்த கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம், வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் அதனால்தான் கூடாது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. நாங்கள் முக்கால் மணி நேரத்தில் தவறவிட்டோம். (நேரம் தாண்டிவிட்டதே என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கிறார்கள். 2018இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் பொருந்துகிறவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். அப்பாவுக்கு அடைத்தது சின்னக் குழாய், அந்த வழியும் இல்லை.)

சரி, ஆறு மாதத்துக்கு வருகிறேன்.

இந்தக் கணக்கு காற்றில் வந்ததில்லை. கோபன்ஹேகனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995இல் ஓர் ஆய்வு வந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் அவரவர் எட்டக்கூடிய உச்சத்தை 95 விழுக்காட்டினர் பன்னிரண்டரை வாரத்துக்குள் எட்டிவிட்டார்கள். அதாவது தானாக வரும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது. அது உண்மை. ஆனால் அவர்கள் பார்த்தது, வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சியோடு என்ன ஆகிறது என்பதை. அந்த வழக்கமான பயிற்சி எவ்வளவு என்று யாரும் எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணினார்கள். 2009இல் வந்த ஓர் ஆய்வில், வெவ்வேறு மையங்களில் 312 பயிற்சி வேளைகளை ஓரமாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். கையை ஒரு உபயோகமான வேலைக்காக அசைத்தது, அப்படி அசைத்த வேளைகளில், சராசரியாக 32 தடவை. மற்ற பல வேளைகளில் அதுவும் இல்லை. இதைப் படித்த அன்று நான் அப்பாவின் பயிற்சியை எண்ணினேன். பதினேழு. மீதி நேரமெல்லாம் பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்து மேலே கீழே தூக்கிக்கொண்டிருந்தார், அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பக்கத்தில் குரங்குகளை வைத்துப் பாருங்கள். 1996இல் ரான்டால்ஃப் நூடோ என்பவரின் குழு, மூளையில் கைக்கான பகுதியில் சிறிய பாதிப்பு ஏற்பட்ட குரங்குகளைச் சின்னச் சின்னக் குழிகளிலிருந்து தீனி உருண்டைகளை எடுக்க வைத்தது. நாளுக்கு நூற்றுக்கணக்கில். பயிற்சி கொடுத்த குரங்குகளின் மூளையில் கைக்கான இடம் தப்பித்தது. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய பக்கத்து இடத்துக்குள்ளும் பரவியது. பயிற்சி கொடுக்காத குரங்குகளில் பாதிப்பைச் சுற்றியிருந்த நல்ல பகுதியும் சுருங்கியிருந்தது. உபயோகிக்காத கையின் இடத்தை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எங்களுக்கு வழி காட்டியது அடுத்து வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். வந்ததும் கையைத் தொடவில்லை. "ஐயா என்ன வேலை பார்த்தாங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். மறுநாள் பழைய செய்தித்தாளும் ஒரு நூல்கண்டும் கேட்டார். அப்பா நாற்பது வருடம் பொட்டலம் மடித்தவர். தாளைக் கூம்பாகச் சுற்றி, துவரம்பருப்பு போட்டு, மேல் மடிப்பை உள்ளே செருகி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பார், கண் வேறு எங்கோ இருக்கும். இப்போது வலது கை தாளைப் பிடித்தால் போதும், சுற்றுவதை இடது கை பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அந்தப் பெண். முதல் நாள் கூம்பு நிற்கவே இல்லை, பருப்பு முழுக்கத் தரையில். அப்பா அழுதார். நான் நிறுத்தச் சொன்னேன். அந்தப் பெண், "பருப்பைப் பொறுக்கட்டும் சார், அதுவும் பயிற்சிதான்" என்றார். கீழே உட்கார்ந்து, கட்டைவிரலும் நடுவிரலும் வைத்து, ஒவ்வொன்றாக. நாற்பது நிமிடத்தில் நூற்றுப் பத்து பருப்பு. எண்ணியது நான்.

அது பத்தாவது மாதம்.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. 2006இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர். பாதிப் பேருக்கு நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கட்டிப்போட்டு, விழுந்த கையாலேயே இரண்டு வாரம் வேலை செய்ய வைத்தார்கள். அவர்கள் கை மற்றப் பாதிப் பேருடையதைவிட நன்றாக வேலை செய்தது, ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரியக்கூடியவர்களைத்தான் சேர்த்தார்கள். லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுக்கும் திட்டத்தின் முடிவுகள் 2019இல் வந்தன. வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அப்படியும் முன்னேறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை, அதனால் நான் அதைத் துள்ளிக் குதித்துக் கொண்டாட மாட்டேன். ஆனாலும் "ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும்" என்று சொல்கிறவர் அதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

பேச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வலது பக்கம் என்பதால் சொல்கிறேன். வலது பக்கம் விழுந்தால் அடிபட்டது இடது மூளை, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான். அப்பாவுக்குப் பேச்சும் போய்விட்டது. என் பெயரைக்கூடச் சொல்ல முடியாது, "அது, அது" என்பார். ஒரு நாள் அம்மா கடையில் அரிசி அளந்துகொண்டிருந்தார். உள்ளே கட்டிலிலிருந்து தெளிவாகக் குரல் வந்தது: "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..." ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்கும் அதே கடைக்கணக்கு. பாதிக்கப்பட்ட மூளையில்கூட, வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய எண்ணிக்கையும் பாட்டும் சாமி பெயரும் தப்பித்துக்கொள்வது பலருக்கு நடக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் அந்த எண்ணிக்கையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்: "நாலு" என்ற இடத்தில் நிறுத்தி, நாலு என்ன? நாலு படி. என்ன படி? அரிசி. பேச வராததைப் புத்தி போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே "இனி என்ன இருக்கு" என்று பேசும் உறவினர்களைத் தயவுசெய்து வாசலிலேயே நிறுத்துங்கள்.

வேலை செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் காசு அங்கேதான் போகிறது. மூளைக்குச் சத்து என்று எழுதித் தரும் சிட்டிகோலினை 2012இல் 2298 பேரிடம் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. ஃப்ளூவாக்செட்டின் கொடுத்தால் கை கால் சீக்கிரம் வரும் என்று ஒரு சின்ன ஆய்வு சொன்னது. பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தபோது அதுவும் இல்லை என்று ஆனது, எலும்பு முறிவுதான் கூடியது. (மனச்சோர்வுக்குக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து நடந்து 2017இல் வந்த ஆய்வு. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியனும் குழுவும் நடத்தியது. பிசியோதெரபிஸ்ட் கிடைக்காத ஊர்களுக்கு, வீட்டில் ஒருவருக்கே சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதுமா என்று பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் சேர்த்து, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்த குழு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழு இரண்டிலும் 47 விழுக்காடு. ஒரு வித்தியாசமும் இல்லை. வீட்டார் எவ்வளவு பாசமாக இருந்தாலும் பயிற்சி கொடுக்கும் ஆளின் இடத்தை அப்படியே நிரப்பிவிட முடியாது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். நாங்களே நாலு மாதம் வேளைக்கு அரை மணி நேரம் எண்ணெய் போட்டு உருவினோம். உருவியவர் கைக்குத்தான் நல்ல பயிற்சி. போதாததற்கு, கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்தே தூக்கி, தோள் மூட்டு இறங்கி, இரண்டு மாதம் வலியில் பயிற்சியே செய்ய முடியவில்லை. அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள், இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள்.

பிரஷர் மாத்திரையை மட்டும் விடக் கூடாது. அப்பா "நார்மல் ஆயிடுச்சு" என்று தானாக நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் வாதம் வந்தது. ஒரு தடவை வந்தவர்களுக்குப் பிரஷரைக் குறைத்தால் மறுபடி வருவது கால்பங்குக்கு மேல் குறைகிறது என்று 2001லேயே ஆறாயிரம் பேரிடம் காட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கே வரும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

அப்பா இப்போது காலையில் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருகிறார். வலது கையால் எழுத வராது, சட்டைப் பொத்தான் வராது. பொட்டலம் மடிப்பார், நூலைப் பல்லால் அறுப்பார், அம்மா திட்டுவார்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கையை மேசையின் விளிம்பில் தொங்க விட்டு, மணிக்கட்டைக் கொஞ்சமாவது மேலே தூக்க முடிகிறதா? ஏதாவது இரண்டு விரல் விரிகிறதா? துளி அசைவு இருந்தாலும் அதை வீடியோ எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அம்மா என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று அவர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.