பணம் இல்லை என்றால் யார் நம்புவார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவதே பெரும்பாடு. இந்த நேரத்தில் சங்கம் புதிய ஊதிய ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் கொடுத்திருக்கிறது. நிறுவனத்தில் பணம் இல்லை என்று நிர்வாகம் சொன்னால், "எப்போதுதான் இருக்கிறது என்று சொன்னீர்கள்?" என்று சிரிக்கிறார்கள். வேலையே செய்யாத நான்கைந்து பேரைச் சங்கம் காப்பாற்றி வருவது எல்லோருக்கும் தெரியும். சங்கம் ஒரு காலத்தில் தேவைப்பட்டிருக்கலாம். இன்று அது நிறுவனத்தையும் கெடுத்து, தொழிலாளியின் பிழைப்பையும் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சங்கங்களுக்குப் பரிந்து எழுதுபவர். நலிந்த நிறுவனத்தில் சங்கத்தால் யாருக்கு என்ன லாபம்?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

பரிந்து எழுதுகிறேன் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பு. ஆர்டர் குவிந்த ஆண்டுகளில் உங்கள் நிர்வாகம் சங்கத்தாரைக் கூப்பிட்டு, இவ்வளவு லாபம் என்று ஐந்தொகையைப் பிரித்துக் காட்டியதுண்டா? லாபம் வரும்போது கணக்கு ரகசியம், நட்டம் வரும்போது மட்டும் அது எல்லோருடைய கவலை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ட்ரூயிட் நிறுவன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1956இல் இதைத்தான் தொட்டது. ஊதிய உயர்வு கொடுக்க வசதியில்லை என்று பேச்சுவார்த்தையில் சொல்லும் முதலாளி, சங்கம் கேட்கும்போது ஆதாரம் காட்ட மறுத்தால், அவர் நேர்மையாகப் பேரம் பேசவில்லை என்று கொள்ளலாம் என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகு நிறுவனத் தரப்பு வழக்கறிஞர்கள் உஷாராகிவிட்டார்கள். வசதியில்லை என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், கொடுத்தால் போட்டியில் பின்தங்குவோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்பது அவர்களுடைய யோசனை. கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலிருக்க இத்தனை பாடு!

சங்கம் நிறுவனத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் கார் ஆலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982இல் மூடியது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் அங்கே சாதாரணம். வேலை நேரத்தில் குடி, அறிவிப்பில்லாத வேலைநிறுத்தங்கள், தீர்க்கப்படாமல் குவிந்துகிடந்த புகார்கள். உங்கள் நான்கைந்து பேரெல்லாம் அங்கே சாதுக்கள். நிர்வாகத்தின் லட்சணமும் அதற்குச் சளைத்ததல்ல. உதிரிபாகம் தவறாகப் பொருத்தப்பட்டது கண்ணெதிரே தெரிந்தாலும் உற்பத்தி வரிசையை நிறுத்தக் கூடாது. பிழையோடு ஓடும் காரை யாரோ கடைசியில் பிரித்துச் சரிசெய்வார்கள்.

1984இல் அதே ஆலை, டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நடத்திய நும்மி என்ற நிறுவனமாகத் திறந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்கள். சங்கமும் அதே ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம். இப்போது வேலை செய்யும் இடத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கியது. பிழையைக் கண்ட எவரும் அதை இழுக்கலாம். இழுத்தால் குழுத்தலைவர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார், சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்குச் சிலர் என்று குறைந்தார்கள். தரமும் ஜப்பானிய ஆலைகளை நெருங்கியது.

சங்கம் சும்மா இருந்து இது நடக்கவில்லை. "அது என் வேலை இல்லை" என்று சொல்ல இடம் கொடுத்த எண்ணற்ற வேலைப் பிரிவுகளை ஒருசிலவாகச் சுருக்கச் சம்மதித்தது. பதிலுக்கு ஒப்பந்தத்தில் ஓர் உறுதி வாங்கியது. நெருக்கடி வந்தால் முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறைய வேண்டும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே வர வேண்டும், அதற்கும் பிறகுதான் ஆட்குறைப்பு. 1988இல் விற்பனை சரிந்தபோது நிர்வாகம் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தது. (அந்த ஆலையும் 2010இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகிய பிறகு டொயோட்டா அதைத் தனியே நடத்த விரும்பவில்லை.)

உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி ஹோஸ்டஸ் என்ற அமெரிக்க கேக், ரொட்டி நிறுவனம். 2012 நவம்பரில் பேக்கரித் தொழிலாளர் சங்கம் ஊதியக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒரு வாரத்தில் நிறுவனம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. 18,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். லாரி ஓட்டுநர்களின் சங்கம் அந்தக் குறைப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர்கள்தான் குடியைக் கெடுத்தார்கள் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அந்த நிறுவனம் 2004இலிருந்து 2009 வரை ஒருமுறை திவால் நடவடிக்கையில் இருந்து, தொழிலாளர்களின் விட்டுக்கொடுப்போடுதான் மீண்டது. 2011இல் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய தொகையையும் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே கொடுத்ததற்கு என்ன கணக்கு என்று தெரியாதவர்களிடம் மறுபடியும் கை நீட்டினால் இப்படித்தான் ஆகும். அந்த வேலைநிறுத்தம் புத்திசாலித்தனமானது என்று நான் சொல்லவில்லை. கோபத்தில் எடுத்த முடிவு, தோற்றது.

இதற்கு நேரெதிர் 1993இல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன். சுமார் 30,000 பேர் உபரி என்ற நிலை. உலோகத் தொழிலாளர்களின் ஐஜி மெட்டால் சங்கம் வார வேலைநேரத்தை 28.8 மணியாகக் குறைக்கச் சம்மதித்து, அதனால் வந்த வருமான இழப்பையும் ஏற்றது. யாரும் நீக்கப்படவில்லை. அங்கே நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி இடமுண்டு. நிறுவனம் எந்த நிலையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

இனி அந்த நான்கைந்து பேர். சோம்பேறிக்குச் சங்கம் வக்காலத்து வாங்கும்போது நட்டம் முதலாளிக்கு மட்டுமில்லை. பக்கத்தில் நிற்பவர் அவன் வேலையையும் சேர்த்துச் செய்கிறார், அவரும் சந்தா கட்டும் உறுப்பினர்தான். ஒருவனை நீக்க உரிய விசாரணை வேண்டும் என்று சங்கம் கேட்பது நியாயம். குற்றம் நிரூபணமான பிறகும் கொடி பிடிப்பது அயோக்கியத்தனம்.

இதைவிடப் பெரிய குற்றமாக நான் கருதுவது வேறு. 2007இல், ஃப்ரீமாண்டில் பார்த்த அதே வாகனத் தொழிலாளர் சங்கம், ஜெனரல் மோட்டார்ஸில் புதிதாகச் சேரும் பலருக்கு ஏறக்குறையப் பாதி ஊதியம் என்பதற்குக் கையெழுத்துப் போட்டது. ஒரே வரிசையில் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இரண்டு கூலி. இருக்கும் உறுப்பினர்கள் தப்பித்தார்கள், இனி வரப்போகிறவர்கள் விலை கொடுத்தார்கள். அப்படியும் 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. சங்கம் தொழிலாளிக்குத் தீங்கு செய்யுமா என்று கேட்டால், செய்யும், இப்படித்தான் செய்யும்.

உங்கள் நிறுவனத்துக்கு வருவோம். சங்கம் தேர்ந்தெடுக்கும் தணிக்கையாளர் ஒருவர் மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்க்கட்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லிப்பாருங்கள். ஊதிய உயர்வைத் தள்ளிவைக்கக் கேட்பதென்றால், ஆர்டர் எந்த அளவுக்குத் திரும்பினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எடுத்துக் கொடுக்கும் வேலை எப்படியும் உங்கள் பிரிவுக்குத்தான் வரும். இயக்குநர்களின் ஊதியத்தையும், அவர்களுடைய உறவினர் நிறுவனங்களுக்குப் போகும் தொகை ஏதாவது இருந்தால் அதையும், தனித்தனி வரியாகக் காட்டிவிடுங்கள். சங்கத்தார் முதலில் தேடப்போவது அதைத்தான்.